கைதியாய்க் கண்டோம்

திருச்சுழிச் சாலையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். வாயிலிலே வேம்பு இரண்டு. பின்புறத்திலே கிணறு ஒன்று. கோடையிலே அது கிணறு என்ற பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அங்கே வரலாறு சொல்லிக் கொடுப்பது நமது பணி. காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் கருப்பசாமி உண்டு, மாரியம்மாள் உண்டு, முனியாண்டி உண்டு; அவர்களுக்கு நடுவே, கூச்சம் ஏதுமின்றி, லெனின் என்றொரு பெயரும் உண்டு. அழைத்ததும் "உள்ளேன் அய்யா!" என்று எழுந்து நிற்பான். அருப்புக்கோட்டை நெசவாளி வீட்டுப் பிள்ளை. பாட்டன் வைத்த பெயர்.

இந்தக் கரிசல் காட்டிலே மழைக்குப் பஞ்சம், வேலைக்குப் பஞ்சம். பெயருக்கு மட்டும் பஞ்சமில்லை. லெனின் உண்டு, ஸ்டாலின் உண்டு, மார்க்ஸ் உண்டு. பனி பொழியும் நாட்டிலே வாழ்ந்தோர் பெயரெல்லாம் இங்கே சீமைக்கருவேல் முள்ளுக்கிடையே ஆடு மேய்க்கின்றன!

சென்ற பருவத்தில் ஒரு நாள், இருபதாம் நூற்றாண்டு உலகைப் பற்றிய பாடம். பாடத்தோடு பாடமாக, உக்ரைன் நாட்டுத் தலைநகரான கீவ் நகரிலே 2013 டிசம்பர் 8 ஆம் நாள் மக்கள் திரண்டு லெனின் சிலையை இழுத்துச் சாய்த்ததையும், சாய்ந்த சிலையைச் சம்மட்டியால் உடைத்ததையும் சொன்னோம். வகுப்பு சிரித்தது. லெனின் சிரிக்கவில்லை. எழுந்தான்.

"அய்யா! எங்கள் பாட்டனார் இந்தப் பெயரை ஆசையோடு வைத்தார். அந்த ஊர்க்காரர்கள் ஏன் அய்யா சிலையை உடைத்தார்கள்? தப்பு யாருடையது? அவர்களுடையதா, பாட்டனாருடையதா?"

மணி அடித்தது. பள்ளிக்கூட மணி ஆசிரியருக்குச் செய்யும் உதவிகளிலே அது தலையாயது. வகுப்பை விட்டு நாம் வெளியேறினோம். கேள்வி நம்மை விட்டு வெளியேற மறுத்துவிட்டது. ஒரே மனிதன், ஒரே கொள்கை, ஒரே கொடி. ஓரிடத்திலே பிள்ளைக்குப் பெயராகிறது. மற்றோரிடத்திலே அதே பெயருக்குரியவன் சிலையின் கழுத்திலே கயிறு விழுகிறது. ஏன்?

பாட்டன் ஏமாளி, அதனால் பெயர் வைத்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு மனமில்லை. அவர் வாழ்ந்த வட்டாரம் எளிதில் ஏமாறும் வட்டாரமன்று. அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்றொரு சிற்றூர். 1928 இல், புரோகிதரின்றி, ஓமப் புகையின்றி, பெரியார் தலைமையிலே முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது அங்கேதான். நாடு அதைச் சட்டமாக ஏற்க 1967 வரை காத்திருக்க நேர்ந்தது; இந்த வானம் பார்த்த பூமி காத்திருக்கவில்லை. 1931 ஆகஸ்டிலே, மூன்றாவது மாகாண சுயமரியாதை மாநாடு பக்கத்து விருதுநகரிலே கூடிற்று. அதே ஆண்டு அக்டோபரில், மார்க்சும் ஏங்கெல்சும் தீட்டிய பொதுவுடைமை அறிக்கை 'குடி அரசு' ஏட்டிலே தமிழில் வெளிவரத் தொடங்கிற்று. பாட்டன்மார் காதிலே அந்தப் பெயர்கள் விழுந்த காலம் இது. பழையன எல்லாவற்றையும் சந்தேகித்துப் பழகிய செவிகள் அவை.

ரஷ்யப் புரட்சியைப் பற்றித் தமிழ்நாட்டில் முதலில் எழுந்த குரலிலேயே இரண்டு சுருதி கேட்டது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். பாரதியார் 'புதிய ருஷ்யா' என்று பாடி ஜார் வீழ்ந்ததைக் கொண்டாடினார்; அவரே உரைநடையில், லெனின் கைக்கொண்ட கொலை வழியால் வரும் பொதுவுடைமை நிலைக்காது என்று கருத்துரைத்தார். பாட்டைப் பாடினோம், கட்டுரையை மறந்தோம். பாட்டுக்கு உள்ள வலிமை அது!

பாரதியோடு புதுச்சேரியிலே 'இந்தியா' ஏட்டை நடத்திய ஒருவரின் கதை இன்னும் சுவையானது. மண்டயம் பிரதிவாதி பயங்கரம் திருமலாச்சாரி, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சார்யா. சென்னையிலே பிறந்தவர், வெள்ளையன் வலையிலிருந்து தப்பி உலகமெல்லாம் சுற்றியவர். 1920 அக்டோபரில் தாஷ்கண்டிலே இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி என்ற பெயரில் ஒரு குழு அமைந்தபோது, அதற்குத் தலைவராயிருந்தவர் இவரே. சில திங்களுக்குள் கருத்து மாறுபட்டார், வெளியேற்றப்பட்டார். பெர்லின் சேர்ந்து, போல்ஷ்விக் ஆட்சியின் அடக்குமுறையைக் கண்டித்து எழுதத் தொடங்கினார். 1935 இல் தாயகம் திரும்பி, 1954 இல் பம்பாயிலே வறுமையில் மறைந்தார். ஊரிலே இருந்து ரஷ்யாவை நினைத்தோர் ஒன்று சொன்னார்கள். உள்ளே போய் இருந்து பார்த்த தமிழர் வேறு சொன்னார். அவர் பேச்சு இங்கே எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கேட்டிருப்போமா?

கேட்டிருக்கமாட்டோம். காரணம் இருக்கிறது.

இங்கே பொதுவுடைமைவாதி என்பவன் யார்? சிங்காரவேலர். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையிலே மே நாள் விழா எடுத்தவர். 1925 இறுதியிலே கான்பூரில் கூடிய கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பெரியார் 1931 டிசம்பரில் கப்பலேறி, எகிப்து, கிரீஸ், துருக்கி வழியே ரஷ்யா சென்று, 1932 பிப்ரவரி முதல் மே வரை ஏறத்தாழ மூன்று திங்கள் தங்கிவிட்டு, பிற ஐரோப்பிய நாடுகளையும் பார்த்து, நவம்பரில் திரும்பினார். திரும்பியதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இனி 'ஸ்ரீமான்' வேண்டாம், 'திருவாளர்' வேண்டாம், எல்லோரும் 'தோழர்' என்றே அழைத்துக்கொள்ளுங்கள் என்று ஏட்டிலே எழுதியது. மேல்சாதிக்காரன் எதிரே வந்தால் இடுப்பிலே துண்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றவனுக்கு, 'தோழர்' என்ற அந்த ஒரு சொல் எப்படி இனித்திருக்கும்! மாஸ்கோவிலே கோதுமை விளைச்சல் எத்தனை என்று அவன் கேட்கவில்லை. தன்னையும் ஒருவன் மரியாதையோடு விளித்துவிட்டான் என்பதே அவனுக்குப் புரட்சி.

டிசம்பர் இறுதியிலே சிங்காரவேலர் துணையோடு ஈரோட்டுத் திட்டம் உருவாயிற்று. ஆட்சி பதறிற்று. 1933 அக்டோபரில் 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?' என்ற தலையங்கம் வெளிவந்தது. பெரியாரும் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றனர். 1934 இல் கம்யூனிஸ்டுக் கட்சிக்கே நாடெங்கும் தடை. பகத்சிங்கின் நாத்திக நூலைத் தமிழாக்கிய ஜீவானந்தம் சிறைப்பட்டார். 1935 இல், இயக்கத்தின் சமுதாயப் பணியே முடங்கிவிடும் என்று கண்ட பெரியார் பொதுவுடைமைப் பிரசாரத்தை நிறுத்திவைத்தார். ஜீவா பிரிந்து சென்றார். அந்தப் பிரிவைப் பற்றி இரு தரப்பாரும் எழுதிக் குவித்தவை போதும். நாம் அதற்குள் நுழையவில்லை.

வெள்ளையன் போன பிறகும் கதை மாறிற்றா? 1948 இல் சென்னை மாகாணத்திலே மீண்டும் தடை, தலைமறைவு வாழ்வு, வேட்டை. 1950 பிப்ரவரி 11 ஆம் நாள் சேலம் சிறைக்குள்ளே துப்பாக்கி வெடித்தது. இருபத்திரண்டு கைதிகள் மாண்டனர். குடியரசு பிறந்து பதினாறு நாள்! அரசியல் சட்டத்தின் மை உலரவில்லை. சிறைத் தரையிலே குருதி உறைந்துவிட்டது. அதே ஆண்டு ஏ.கே. கோபாலன், விசாரணையின்றித் தம்மைச் சிறை வைத்ததை எதிர்த்து உச்சநீதிமன்றத்திலே வழக்காடினார், தோற்றார். ஆனால் 1952 தேர்தலிலே மக்களிடம் வழக்காடி வென்றார், நாடாளுமன்றம் புகுந்தார். அந்தத் தேர்தலிலே சென்னைச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தனர்.

கடல் கடந்த தமிழனுக்கும் காட்சி இதுவே. மலேயாவிலே தொழிற்சங்கக் கூட்டிணைப்பின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, தஞ்சைத் தரணியிலே பிறந்த தமிழர், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1949 மே 4 ஆம் நாள் கோலாலம்பூர்ச் சிறையிலே வெள்ளை ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார். ரப்பர்த் தோட்டத்துத் தமிழன் பொதுவுடைமைவாதி என்றதும் நினைத்துக்கொண்டது தூக்குமேடையிலே நின்ற ஒரு முகத்தைத்தான்.

இதுதான் நாம் சொல்ல வருவது. நம் பாட்டன்மார் பொதுவுடைமைவாதியைக் கைதியாகக் கண்டார்கள். சிறைக்குப் போகிறவனாக, கூலி உயர்வு கேட்டு அடி வாங்குகிறவனாக, தறிக்கூடத்து வாசலிலே கொடி கட்டியவனாக, சோறில்லாமல் கூட்டம் பேசிவிட்டு நடந்தே அடுத்த ஊர் போகிறவனாக அவனைக் கண்டார்கள். அவன் கையிலே விலங்கு இருந்தது, சாவி இருந்ததில்லை. விலங்கு பூண்டவனைக் காதலிப்பது எளிது. அவன் தலைவனுடைய பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது நன்றிக்கடன்.

போதாக்குறைக்குப் புத்தகங்கள் வந்தன. மாஸ்கோவிலேயே தமிழில் அச்சிட்டு, வழவழப்பான தாளும் வண்ணப் படமுமாக, ஏழை மாணவன் கைக்கெட்டும் விலையில் வந்த புத்தகங்கள்! பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணையாவும் அங்கே இருந்துகொண்டே தமிழாக்கித் தந்தார்கள். இங்கே ரகுநாதன் கோர்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழாக்கினார். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வண்டி ஊர் ஊராக வந்து நின்றது. டால்ஸ்டாயையும் செகாவையும் தமிழன் வாங்கிப் படித்ததற்கு அந்த வண்டிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நாமும் பழைய புத்தகக் கடையிலே அவற்றைத் தேடி வாங்குகிறோம். ஆயினும், அந்த வண்டியில் ஏறாத புத்தகங்களும் உண்டு. சோல்செனித்சினின் 'குலாக் தீவுக்கூட்டம்' 1973 இல் பாரிசிலே வெளியாயிற்று. மறு ஆண்டே எழுதியவர் நாடு கடத்தப்பட்டார். அதை மாஸ்கோ அச்சகம் வண்ணப் படத்தோடு நமக்கு அனுப்புமா என்ன!

இனிக் கீவ் நகரத்தார் பக்கம் வருவோம். அவர்களும் பாட்டன்மார் உள்ளவர்கள்தாமே.

உக்ரைன் கரிசல் நாடு. உலகப் புகழ் பெற்ற கருமண். நம் மண்ணும் கருமண்தான், ஆனால் உடன்பிறப்பல்ல. அங்கே புல்வெளி மக்கி மக்கிக் கறுத்த மண், கோதுமை குதிரும் மண். இங்கே மழை பெய்தால் காலைப் பிடிக்கும், காய்ந்தால் வாய் பிளக்கும், பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் தரும் மண். விளைச்சலிலே ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு. அத்தகைய நாட்டிலே, உலகின் களஞ்சியம் என்று பேர் வாங்கிய நாட்டிலே, 1932, 33 ஆம் ஆண்டுகளில் முப்பத்தைந்து இலட்சம் பேருக்குக் குறையாமல் பட்டினியால் மாண்டார்கள். கசக்ஸ்தானத்திலே மந்தை மேய்த்து வாழ்ந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் அதே காலத்தில் மடிந்தார்கள்.

ஏன் மாண்டார்கள்? நிலத்தையெல்லாம் கூட்டுப்பண்ணை ஆக்கினார்கள். எதிர்த்த உழவனை 'குலாக்' என்று பெயர் சூட்டி வண்டியேற்றி அனுப்பினார்கள். இத்தனை தானியம் தந்தாகவேண்டும் என்று தலைநகர் கணக்குப் போட்டது. விளைச்சல் குறைந்தபோதும் கணக்குக் குறையவில்லை. 1932 ஆகஸ்டு 7 ஆம் நாள் ஒரு சட்டம் வந்தது. கூட்டுப்பண்ணை வயலிலே கதிர் பொறுக்கினாலும் சுட்டுக் கொல்லலாம். இரக்கம் காட்டினால் பத்தாண்டுச் சிறை. கதிர் பொறுக்கினால்! நம் காட்டிலே அறுவடை முடிந்தபின் சிந்திய கதிர் பொறுக்குவது ஏழைப் பெண்டிரின் உரிமை. எந்த மிராசுதாரனும் அதற்குத் துப்பாக்கி எடுத்ததில்லை. 1933 சனவரியிலே, பசித்த உழவர் உக்ரைனை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஆணை பிறந்தது. ரயிலடியிலே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். தானியமோ, தடையின்றிக் கப்பலேறிற்று: 1932 இல் மட்டும் ஏறத்தாழ 17 இலட்சம் டன்.

இதைப் படிக்கும்போது நமக்கு வேறொரு பஞ்சம் நினைவுக்கு வருகிறது. தாது வருடப் பஞ்சம் என்று நம் கிழவிகள் கதை சொல்வார்களே, 1876 முதல் 78 வரை நீண்ட அது. விக்டோரியா இந்தியாவின் பேரரசியானார் என்று 1877 சனவரி முதல் நாள் லிட்டன் பிரபு தில்லியிலே தர்பார் நடத்தினார். தெற்கே கஞ்சித்தொட்டியடியிலே பிணம் கிடந்தது. கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். அப்போதும் தானியம் கப்பலேறிற்று. மாண்டோர் தொகை தெற்கிலும் மேற்கிலுமாக ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பர். ஒன்று முடியரசின் பஞ்சம், தாராள வாணிகத்தின் பெயரால். மற்றொன்று பாட்டாளி அரசின் பஞ்சம், சமத்துவத்தின் பெயரால். இரண்டு ஆட்சியையும் பசித்தவன் வாக்குப் போட்டு இறக்க முடியாது என்பதிலே இரண்டும் ஒன்று. ஒரு வேறுபாடும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. தாதுப் பஞ்சத்தின்போது சென்னையிலே வில்லியம் டிக்பி என்னும் வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் தம் அரசையே குறை கூறி எழுதினார். 1878 இல் இரண்டு தொகுதி நூலே வெளியிட்டார். உக்ரைன் பஞ்சம் பற்றி ரஷ்ய ஏடுகளிலே ஒரு வரி வரவில்லை. 1937 இல் மக்கள்தொகை எடுத்தபோது தலைகள் குறைந்திருந்தன; கணக்கு மறைக்கப்பட்டது, கணக்கெடுத்த அதிகாரிகள் கைதானார்கள். எண்ணியவன் குற்றவாளி!

பெரியார் அதே 1932 இல்தானே அங்கே இருந்தார், அவர் கண்ணுக்கு ஏன் படவில்லை என்று கேட்போர் உண்டு. அவர் மே மாதம் புறப்பட்டுவிட்டார். கதிர் பொறுக்குவோரைக் கொல்லும் சட்டம் ஆகஸ்டிலே வந்தது. சாவு உச்சத்துக்குப் போனது அடுத்த ஆண்டின் வசந்தத்திலே. மேலும், விருந்தாளிக்குக் காட்டப்படும் வீடு எப்போதும் கூடம்தான், அடுக்களை அல்ல. 1927 இல் சென்ற நேரு வியந்து எழுதினார். 1930 இல் சென்ற தாகூர் கல்வியின் வளர்ச்சியைக் கண்டு மனமாரப் புகழ்ந்தார். ஆனால் அவர், எதிர்க்கருத்துடையோர் மீது வெறுப்பை வளர்க்காதீர்கள் என்ற கருத்துப்பட அங்குள்ள 'இஸ்வெஸ்தியா' ஏட்டுக்குப் பேட்டியும் தந்தார். அந்தப் பேட்டி அச்சேறியது எப்போது தெரியுமா? 1988 இல்! ஐம்பத்தெட்டு ஆண்டு அது அலமாரியிலே உறங்கிற்று. தாகூரின் ரஷ்யக் கடிதங்களுடைய ஆங்கில வடிவத்தை இங்கே வெள்ளையன் தடுத்தான், புகழ்ந்ததற்காக. அவருடைய பேட்டியை அங்கே தடுத்தார்கள், குறை சொன்னதற்காக.

உண்மையைச் சொன்னோர் இல்லாமல் இல்லை. 1933 மார்ச்சில் காரத் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞர், பட்டினியூர்களிலே கால்நடையாகச் சுற்றிவிட்டு வந்து உலகுக்கு அறிவித்தார். மக்கரிட்ஜ் என்பவர் 'மாஞ்செஸ்டர் கார்டியன்' ஏட்டுக்கு எழுதி, தணிக்கையை ஏய்த்து அனுப்பினார். இவர் அதற்குச் சில ஆண்டு முன்பு ஆலுவாயிலே கல்லூரி ஆசிரியராக இருந்தவர்! 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் துராந்தி, பஞ்சம் என்பது மிகைப்பேச்சு என்று மறுத்தார். உலகம் துராந்தியை நம்பிற்று. நாம்? பொதுவுடைமையைத் தூற்றிய ஆங்கில ஏடுகள் எல்லாம், நம் விடுதலைக் கிளர்ச்சியையும் தூற்றிய ஏடுகள். அடிமை நாட்டான் அவற்றை எப்படி நம்புவான்? நம்மைப் பற்றிப் பொய்யே சொல்லிக்கொண்டிருந்தவன் ஒருநாள் ரஷ்யாவைப் பற்றி மெய் சொன்னான்; வழக்கம் போல் பொய் என்று தள்ளிவிட்டோம். நம் பாட்டன்மாரின் பிழை இருக்குமானால் அது இதுதான்; பிழையிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆக, உக்ரைன் உழவன் பொதுவுடைமைவாதியைக் கண்டது எப்போது? கதவைத் தட்டி, பானையைக் கவிழ்த்து, மிச்சத் தானியத்தைத் தேடியபோது. சாவி அவன் இடுப்பிலே தொங்கிற்று. 2006 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பஞ்சத்தை இனப்படுகொலை என்று சட்டமாக்கிற்று. ஆண்டுதோறும் நவம்பரின் நான்காம் சனிக்கிழமை மாலையில் வீடுதோறும் சன்னலிலே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பஞ்சத்தை நடத்தியவர் ஸ்டாலின், லெனின் 1924 இலேயே இறந்தாரே, அவர் சிலை என்ன செய்தது என்று மாணவன் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரகசியப் போலீசை 1917 டிசம்பரிலே நிறுவியவர் லெனின். மக்கள் வாக்களித்து அமைத்த அரசியல் நிர்ணய சபையிலே தம் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்று கண்டதும், 1918 சனவரியிலே ஒரே நாளோடு அதைக் கலைத்தவரும் அவரே. பூட்டைச் செய்தவர் ஒருவர், பூட்டியவர் மற்றொருவர். இதை அன்றே கண்டித்தவர் முதலாளியல்லர், ரோசா லக்சம்பர்க். ஜெர்மன் சிறைக்குள்ளிருந்த பொதுவுடைமைப் பெண். கைதிக்குத்தான் பூட்டின் ஓசை முதலில் கேட்கும் போலும்!

சாவி கைக்கு வந்தபின் தோழனையும் அது விட்டுவைக்கவில்லை. புகாரின் 1938 இல் சுடப்பட்டார். ஐம்பதாண்டு கழித்துக் குற்றமற்றவர் என்றார்கள். சரோஜினி நாயுடுவின் உடன்பிறந்தார் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயா, வெள்ளையனுக்குத் தப்பி ஐரோப்பாவெல்லாம் அலைந்து ரஷ்யாவிலே புகலிடம் கண்டவர், 1937 செப்டம்பரிலே அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கேரியில் இம்ரே நாகி, தாமும் ஒரு கம்யூனிஸ்டுத் தலைமை அமைச்சர், 1956 கிளர்ச்சியில் மக்கள் பக்கம் நின்றார் என்பதற்காக 1958 இல் தூக்கிலிடப்பட்டார். 1989 ஜூன் 16 ஆம் நாள் அவரை மறுபடி எடுத்து மரியாதையோடு அடக்கம் செய்தபோது புடாபெஸ்ட் நகரமே திரண்டது. சீனத்திலே 1958 முதல் 61 வரை நடந்த பெரும்பாய்ச்சல் என்னும் கூத்தில் மாண்டோரை 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். கம்போடியாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

இப்போது உலகப் படத்தைப் பார்த்தால் வண்ணங்கள் விளங்குகின்றன. தென்னாப்பிரிக்காவிலே 1950 இல் நிறவெறி அரசு கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடை செய்தது. கறுப்பரோடு சேர்ந்து சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் போனவர்கள் கம்யூனிஸ்டுகள். அங்கோலாவிலே நிறவெறிப் படையை எதிர்த்துக் கியூபா படை அனுப்பிற்று. விடுதலையடைந்த மண்டேலா 1991 இல் கியூபாவுக்குச் சென்று நன்றி கூறியதில் வியப்பென்ன? அவரும் கைதியாய்க் கண்டவர். கியூபாவிலே சிறையிலிருந்த எழுத்தாளன் அந்தக் காட்சியை எப்படிப் பார்த்திருப்பான் என்பதையும் எண்ணத்தான் வேண்டும். இந்தோனேசியாவிலோ கொல்லப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள்: 1965, 66 இல் ஐந்து இலட்சம் பேருக்குக் குறையாமல். ஆனால் அங்கே பாமரன் இன்னும் பொதுவுடைமை என்றால் அஞ்சுகிறான். கொன்றவர் ஆட்சி நடத்தினார். ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு திரைப்படத்தைக் காட்டினார், 1998 இல் வீழும் வரை. கைதியாய்க் கண்டாலும், கதை சொல்லும் உரிமை காவலனிடம் இருந்தால் அப்படித்தான் ஆகும். பள்ளி ஆசிரியர் தொழிலிலே உள்ள நமக்கு இந்தச் செய்தி உறுத்துகிறது.

ரஷ்யாவே விந்தை. 2019 இல் லெவாதா நிலையம் எடுத்த கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு எழுபது பேர் ஸ்டாலின் நாட்டுக்குச் செய்தது நன்மையே என்றனர். ஹிட்லரை வென்ற பெருமை ஒரு புறம். சிறைமுகாம்களின் கதையைத் திரட்டி வைத்த 'மெமோரியல்' என்னும் அமைப்பை 2021 டிசம்பரிலே உச்சநீதிமன்றமே கலைத்தது மறுபுறம். பேசுவோர் வாயை மூடிவிட்டுக் கருத்துக் கேட்டால் விடை எப்படி வரும்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1957 இல் கேரளத்திலே நம்பூதிரிபாடு தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தார். 1959 சூலை 31 இல் தில்லி அதைக் கலைத்தது. வங்கத்திலே 1977 இல் ஏறியவர்கள் 2011 இல் மக்கள் இறங்கச் சொன்னதும் இறங்கினார்கள். இந்தியக் கம்யூனிஸ்டின் கைக்குச் சாவி வந்தது ஐந்தாண்டுக் குத்தகையில்தான்; குத்தகை முடிந்தால் திருப்பித் தந்தாகவேண்டும். அவர்கள் இயல்பாகவே நல்லவர்கள், உக்ரைனில் இருந்தோர் இயல்பாகவே கொடியவர்கள் என்று நாம் எண்ணவில்லை. இங்கே பூட்டுக்கு இன்னொரு சாவி மக்களிடம் இருந்தது.

அதையும் ஒருமுறை பிடுங்கப் பார்த்தார்கள். 1975 சூன் முதல் 1977 மார்ச்சு வரை நெருக்கடிநிலை. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அதை ஆதரித்தது, மாஸ்கோவும் ஆதரித்தது. மார்க்சிஸ்டுக் கட்சி எதிர்த்தது. 1976 சனவரி 31 இல் தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது; சென்னை மத்திய சிறை நிரம்பிற்று. அங்கே அடிபட்டோரில் ஒருவர், 1953 மார்ச்சிலே ஸ்டாலின் மறைந்த அதே வாரத்தில் பிறந்து அந்தப் பெயரையே தாங்கியவர். பின்னாளில், 2021 இல், தமிழ்நாட்டின் முதலமைச்சரானவர். ஸ்டாலின் என்ற பெயர் மாஸ்கோவிலே சாவியின் பெயர். சென்னையிலே அது கைதியின் பெயராயிற்று. நெருக்கடிநிலையை ஆதரித்த கட்சி, 1978 இல் பட்டிண்டாவிலே கூடிய மாநாட்டில், ஆதரித்தது தவறு என்று ஏற்றுக்கொண்டது. தவற்றை ஏற்க அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தேர்தல்.

இத்தனையையும் அடுத்த வாரம் வகுப்பிலே சொன்னோம். நேரம் போதாமல் மறுநாளும் சொன்னோம். பாட்டன் பெயர் வைத்தது தப்பில்லை, அவர் கைதியைக் கண்டு வைத்தார். சிலையைச் சாய்த்தோரும் வெறியர் அல்லர், அவர்கள் பட்டவர்கள் என்றோம். உக்ரைன் கரிசலைப் பற்றிச் சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று. பஞ்சம் என்றால் என்ன என்று இந்த ஊர்ப் பிள்ளைக்கு விளக்கவேண்டியதில்லை.

லெனின் எழுந்தான்.

"அந்த வருசம் அங்கே மழை பெய்யவில்லையா அய்யா?"

"பெய்தது" என்றோம்.

"பெய்துமா?"

சன்னல் வழியே வறண்ட கண்மாயைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா என்று அவன் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, பலகையிலே உக்ரைன் படத்தை வரையத் தொடங்கினோம்.